தப்பாய்ப் போன வேலை

பால்கனி வேலைக்காக நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலு பேரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "உங்க கையில தப்பாப் போன வேலை ஏதாவது இருக்கா?" ஒருவர் சிரித்தார், ஒருவர் முறைத்தார், நாலு பேருமே இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மகள் பொரிந்தாள். "எந்தக் கான்ட்ராக்டர்மா தன் வாயால ஆமாம்பான்? நீ வேணும்னே விரட்டுற."

வேண்டுமென்றேதானோ என்று அவளுக்கே சந்தேகம். அந்தப் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே பீரோவை நகர்த்தி வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. அதற்கு முன்னால் அங்கே வேலை செய்த ஆளை அவள் கணவர்தான் பிடித்து வந்தார். தேன் ஒழுகப் பேசுகிறவன். கைப்பிடிச் சுவரைப் புதுசாகப் பூசி, கண்ணைப் பறிக்கிற வெள்ளையடித்துக் கொடுத்தான். ஒரு காலையில் அவள் சாவியை மறந்து தெருவில் இறங்கிவிட்டாள். "இந்தா, பிடி" என்று அவர் மேலிருந்து சாய்ந்தார். சுவர் அவரோடு சேர்ந்து வந்தது. இன்றும் தெருவில் யாராவது "இந்தா" என்றால் அவள் அண்ணாந்து பார்க்கிறாள். இப்போது அந்தப் பக்கமிருந்து ஈரம் ஊறி, மகள் படுக்கிற அறையின் கூரைப்பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது.

ஐந்தாவதாக வந்தவர் பீரோவை நகர்த்தச் சொன்னார். வெளியே காலை வைக்காமல் வெகுநேரம் பார்த்தார். அவள் கேள்வியைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருக்கும்மா" என்றார். "சந்தைக்குப் பின்னால ஒரு தையல்காரர் வீடு. நேரா போய் அவரையே கேளுங்க. நான் சொன்னா எனக்குச் சாதகமாத்தான் சொல்லுவேன்."

ஒப்புக்கொள்வதும் ஒரு வியாபாரத் தந்திரமோ என்று வழியெல்லாம் அவள் மனம் அரித்தது. தேன் ஒழுகுகிறவனைப் பார்த்தாயிற்று. இது உப்புப் போட்ட பேச்சு, அவ்வளவுதான் வித்தியாசமோ?

தையல்காரருக்கு வலக்கை முழங்கையோடு மடங்கியே இருந்தது. கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னதும், உட்காரச் சொல்லாமல், வீட்டுக்குப் பக்கவாட்டில் ஏறுகிற மாடிப்படியைக் காட்டினார்.

"இது ரெண்டாவது தடவை கட்டினது. மொதத் தடவை காங்கிரீட்டு இறுகுறதுக்குள்ள அடியில தாங்கி நின்ன முட்டுக் கட்டைகளைப் பிரிச்சுட்டாங்க. ஏறிக்கிட்டிருந்தேன், படியோட வந்துட்டேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சா அந்தாளு நிக்கிறான். அடுத்த வேலைக்கு அவசரம், நான்தான் பிரிக்கச் சொன்னேன்னான். யாரும் கேக்கவே இல்ல."

"மன்னிச்சுட்டீங்களா?"

"எதுக்கு மன்னிக்கணும்? கத்திரியைப் பிடிச்ச கை இது." அந்தக் கையை இன்னொரு கையால் தடவினார். "நடிக்கிறானோன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா ஒவ்வொரு மழைக்கும் வந்து படிக்கு அடியில உக்காந்து தட்டித் தட்டிப் பாக்குறான். என் மூஞ்சியில முழிக்கிறது அவனுக்குச் சுலபம் இல்ல. இருந்தும் வர்றான்."

"அப்போ இது பலமா இருக்கா?"

"மலை மாதிரி இருக்கு. வீட்டுக்காரி நாள் பூரா ஏறி இறங்குறா. எனக்குத்தான் கால் வர மாட்டேங்குது."

காற்று எழுந்தது. மேலே ஒரு ஜன்னல் கதவு படார் படாரென்று அடித்தது. அவர் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். "அவ வெளிய போயிருக்கா. மழை வந்தா மிஷின் நனைஞ்சிரும். கொஞ்சம் சாத்திட்டு வர்றீங்களா?"

மாட்டேன் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. எப்படிச் சொல்வது? முதல் படியில் கால் வைத்தாள். உள்ளங்கால் சிலிர்த்தது. சுவரைப் பிடிக்கவில்லை, சுவர்களை அவள் பிடிப்பதில்லை. படிகள் கனமாக, சத்தமில்லாமல் அவளைத் தாங்கின.

மேலறையில் உறைபோட்ட தையல் மிஷின். ஜன்னலைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்க, அங்கேயே நின்று கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"பாத்துட்டேன். வேலைக்கு வாங்க. முட்டுக் கட்டைகளை எப்பப் பிரிக்கணும்னு எனக்கும் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "சரிம்மா."

வெளியே வந்தாள். மழை விழத் தொடங்கியிருந்தது. கீழே தையல்காரர் அண்ணாந்தபடி நின்றார். நல்ல கை சுவரில். ஒரு செருப்பு கழற்றிக் கிடந்தது. வெறுங்கால் முதல் படிக்கு மேலே, இன்னும் தொடாமல், நனைந்துகொண்டிருந்தது.