பாஸ்வேர்டு மறக்கிற பெட்டி

எங்க வீட்டு வைஃபை பெட்டியில பாஸ்வேர்டு நிக்கவே நிக்காது. நேத்து வச்சது இன்னைக்கு இருக்காது. காலையில போனை எடுத்தா நெட் வராது. லேப்டாப்லயும் வராது, டிவியிலயும் வராது. பெட்டி அடியில கம்பெனிக்காரன் ஒரு ஸ்டிக்கர்ல நம்பர் அச்சடிச்சு ஒட்டியிருப்பானே, அதைப் போட்டாத்தான் திறக்கும். நாம வச்ச பேரு, நாம வச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டு, வாங்கிட்டு வந்த அன்னைக்கு இருந்த மாதிரி பச்சைப்புள்ளையா உட்கார்ந்திருக்கும்.

எனக்கு மூக்கு மேல கோபம் வரும்னு தெருவுக்கே தெரியும். நெட் போச்சுன்னா கேக்கவே வேண்டாம். என் பிழைப்பே அதுலதான் ஓடுது. ஒரு மெத்தைக் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே போன்ல பதில் சொல்ற வேலை. மெத்தை குழி விழுந்துடுச்சு, முதுகு போச்சு, ஸ்பிரிங் குத்துதுன்னு கண்டவனும் என்னைத் திட்டுவான். நான் 'உங்க சிரமம் புரியுது சார்'னு தேனா பேசணும். நடுவுல லைன் அறுந்தா, நான்தான் போனை வச்சுட்டேன்னு எழுதிப் போட்டுடுவான். அப்படி நாள் பூரா வாங்கிக் கட்டிக்கிறதை எல்லாம் சேத்து வச்சு, நெட் ரிப்பேருக்கு வர்ற தம்பி தலையில கொட்டுவேன். பாவம் அது.

என் வீட்டுக்காரர் எதுக்கும் அலட்டிக்க மாட்டார். பெரிய மருந்துக்கடையில கவுண்டர்ல நிக்கிறவர். டாக்டருங்க கோழி கிளறின மாதிரி எழுதற சீட்டைப் படிச்சு, மருந்தை எடுத்து, எவ்வளவு, எந்த வேளைன்னு சொல்லிக் கொடுக்கிற வேலை. சொந்தக்காரங்க அவருக்கு வச்ச பேரு 'டைரக்டரி'. யார் நம்பரைக் கேட்டாலும் போனைப் பார்க்காம ஒப்பிப்பார். பெட்டி மக்கர் பண்ணினதும் நான் கத்துவேன். அவர் வந்து உட்கார்ந்து, பொறுமையா புதுசா ஒரு பாஸ்வேர்டு வச்சு எல்லாருக்கும் சொல்வார். "பெட்டிக்கு வயசாயிடுச்சும்மா, மறதி"ம்பார். நானும் சிரிச்சு வச்சிருக்கேன்.

நெட்காரத் தம்பி முதல்ல வந்தப்போ கரண்டு ஏறி இறங்குதுன்னு சொல்லி அடாப்டரை மாத்திச்சு. அடுத்த வாரமே போச்சு. அப்புறம் பெட்டியையே மாத்திச்சு. புதுப் பெட்டிக்கும் அதே வியாதி. மறுபடி வந்து, வேற இடத்துல வச்சுப் பார்க்கலாம்க்கா, இந்த அலமாரி சூடுன்னு ஆரம்பிச்சுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்குன்னு நான் பிடிச்சுக்கிட்டேன். அது ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சுது. அப்புறம் பெட்டியைத் திருப்பி, பின்னாடி குண்டூசி நுழையற மாதிரி ஒரு ஓட்டையைக் காட்டிச்சு.

கரண்டு போனா பெட்டி எதையும் மறக்காதாம். கீழே விழுந்தாலும் மறக்காதாம். அந்த ஓட்டையில கம்பியை விட்டு, விளக்கு எல்லாம் அணைஞ்சு மறுபடி எரியற வரைக்கும் அழுத்திப் பிடிச்சாத்தான் அழியுமாம். துடைக்கிறப்போ கை பட்டு நடக்கிற காரியம் இல்லையாம்.

"வீட்டுல யாரோ வேணும்னே பண்றாங்கக்கா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் வீட்டு ஆளுங்களைச் சொல்ல நீ யாருன்னு நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன். அந்தத் தம்பி ஓட்டை மேல ஒரு துண்டு டேப்பை ஒட்டிட்டு, யாராவது கை வச்சா இது சொல்லும்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு. ஆனா அது போனதும் என் மனசு நேரா எங்க போகணுமோ அங்க போச்சு. பையன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் போனுக்கு நெட் வராத மாதிரி நான்தான் அந்தப் பெட்டியில பூட்டுப் போடச் சொல்லியிருந்தேன். பெட்டியை அழிச்சா பூட்டும் அழிஞ்சு போகும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஸ்கூல் விட்டு வந்தவனை வாசப்படியிலேயே நிறுத்தினேன். இல்லம்மா, நான் தொடவே இல்லம்மான்னான். பொய் வேற சொல்றியான்னு போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினேன். இவர் அன்னைக்கு வார லீவுல வீட்டுலதான் இருந்தார். பையன் அவரைப் பார்த்து, "அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா"ன்னான். இவர், "விடும்மா, சின்னப்புள்ளதானே"ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ளே போயிட்டார். அதோட எனக்கு முடிவாயிடுச்சு. அவரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன. அன்னையிலிருந்து பையன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடலை.

அவனை ஸ்கூல்ல மேட்ச் ஆட வெளியூர் கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அப்பாடா, இனி நெட் நிக்கும்னு நினைச்சேன்.

அவன் போன மறுநாள் காலையில மாடிக்குத் துணி காயப்போடப் போனவ, கிளிப் டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். முன் ரூம்ல அலமாரிப் பக்கத்துல இவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போற சட்டை போட்டாச்சு. கையில போன். எதையோ தட்டினார், அழிச்சார். உதடு அசைஞ்சுது. மறுபடி தட்டினார், மறுபடி அழிச்சார். நெத்தியை உள்ளங்கையால தட்டிக்கிட்டார். பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, கதவோரமாவே நின்னுட்டேன்.

அப்புறம் சட்டைப் பையில இருந்து சிம் எடுக்கிற அந்தக் குட்டிக் கம்பியை எடுத்தார். டேப்பை நகத்தால மெல்ல உரிச்சு விரல்ல ஒட்டிக்கிட்டார். கம்பியை விட்டு அழுத்தினார். விளக்கு எல்லாம் அணைஞ்சு, ஒண்ணா எரிஞ்சுது. டேப்பைப் பழையபடி ஒட்டி, ஓரத்தை நகத்தால தேய்ச்சு விட்டார். திரும்பினார். நான் நின்னுட்டிருந்தேன்.

கையும் களவுமாப் பிடிச்ச ஆத்திரம் எனக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடமாப் போச்சே, பெத்த புள்ளையைத் திருடனாக்கிட்டு வேடிக்கை பார்த்தீங்களேன்னு கத்தினேன். அவர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். அவனைத் திட்டினப்போ நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, தைரியம் வரலைன்னார். எதுக்குத் தைரியம்னு கேட்டேன்.

மெதுவாச் சொன்னார். சில மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள், வழக்கமா வர்ற பெரியவரோட சீட்டைக் கையில வாங்கினவருக்கு, அந்த மருந்து எந்தத் தட்டுல இருக்குன்னே தெரியலையாம். பேரைப் படிக்கிறார், ஆனா அது என்னன்னு தெரியலை. தண்ணி குடிச்சுட்டு வரேன்னு பக்கத்து ஆள்கிட்ட சீட்டைத் தள்ளிட்டாராம். அன்னையிலிருந்து தினம் காலையில தனக்குத் தானே ஒரு பரீட்சை. வீட்டு வைஃபையைத் தன் போன்ல இருந்து அழிச்சுட்டு, தான் வச்ச பாஸ்வேர்டைத் தானே மனப்பாடமாத் தட்டிப் பார்க்கிறது. வந்துட்டா நிம்மதியாக் கடைக்குக் கிளம்புவாராம்.

"வரலைன்னா?"

"வரலைன்னா உன்கிட்டதானே கேக்கணும். கேட்டா நீ கண்டுபிடிச்சுடுவே. பெட்டியையே அழிச்சுட்டா எல்லாருக்கும்தானே போச்சு. எனக்கு மட்டும்னு இருக்காதுல்ல."

பெட்டி எப்பெப்ப மறந்துச்சுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். முதல்ல எப்பவோ ஒரு தடவை. அப்புறம் வாரம் ஒண்ணு. இப்ப வாரத்துல பாதி நாள். நான் நெட்காரத் தம்பியைத் திட்டின ஒவ்வொரு நாளும் இவர் உள்ளுக்குள்ள இப்படிப் பயந்து செத்திருக்கார். அதை விடப் பெரிய பயம் ஒண்ணு அப்பத்தான் எனக்குத் தட்டுச்சு.

"பாஸ்வேர்டு வராத அன்னைக்கும் கடைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"கைக்குழந்தைக்கெல்லாம் மருந்து கொடுக்கிறீங்களே, பாவி மனுஷா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஒவ்வொரு மருந்தையும் ரெண்டு தடவை பார்த்துத்தான் கொடுக்கிறாராம். இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து ஒண்ணும் சொல்லலையாம். அந்தக் கவுண்டரை விட்டா தனக்கு வேற என்ன தெரியும்னு கேட்டார். சும்மா ஒரு பாஸ்வேர்டு, அதை வச்சு என்னை முடிச்சுடாதேன்னார். எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, என் முன்னாடி நேரா நின்னார்.

"நீயே கேளு. எதை வேணா கேளு. நான் சரியாச் சொல்லிட்டா இன்னைக்குப் போக விடு."

வாயைத் திறந்தேன். எங்க கல்யாண நாளைக் கேக்கலாம். பையன் பொறந்த நாளைக் கேக்கலாம். முதல் முதலா குடியிருந்தோமே ஒரு ஒண்டுக் குடித்தனம், அந்தத் தெருப் பேரைக் கேக்கலாம். ஒவ்வொண்ணும் தொண்டை வரைக்கும் வந்துச்சு. சரியாச் சொல்லிட்டா அவரைக் கடைக்கு அனுப்பணும். தெரியலைன்னு சொல்லிட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது? ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்றவ, கட்டின புருஷன்கிட்ட ஒரு கேள்வி கேக்க முடியாம நின்னேன்.

அவர் காத்திருந்தார். என் முகத்தையே பார்த்துட்டிருந்தார். நான் கேக்கலை. கேக்கப் போறதில்லைன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

முதலாளிகிட்ட நான் பேசறேன்னு சொன்னேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம், மெதுவா டாக்டரைப் பார்க்கலாம்னேன். வேண்டாம்னு கையைக் காட்டிட்டு அவரே போனைப் போட்டார். குரல் நடுங்கலை, கவுண்டர்ல பேசற அதே நிதானம்.

"எனக்கு மறதி வந்திருக்குங்க. இன்னைக்கு வரலை. இனிமே என்னைக் கவுண்டர்ல நிறுத்தாதீங்க."

அந்தப் பக்கம் முதலாளி சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. விளையாட்டு இல்லைங்கன்னு இவர் ரெண்டு தடவை சொன்னார். சிரிப்பு நின்னுது. போனை வைக்கப் போறார்னு நினைச்சேன். வைக்கலை. சுவத்துல ஒரு கையை ஊனிக்கிட்டார்.

"இன்னொண்ணு," அப்படின்னார். அங்கதான் குரல் உடைஞ்சுது. "இந்தச் சில மாசமா என் கையால கொடுத்த மருந்து எல்லாத்தையும், யாரையாவது வச்சு ஒரு தடவை சரிபார்த்துடுங்க. குழந்தைங்களோடதை முதல்ல பாருங்க."