கடித்துவிட்டுப் போன ரொட்டி

மஸ்தூரா தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டு, சுவரில் ஒட்டியிருந்த ரொட்டியைப் பிரித்தெடுத்தாள். விளிம்பு உப்பி, நடுவே அச்சுக் குத்திய பூவோடு, கறுப்பு எள் அப்பியிருந்தது. இத்தனை வருடத்தில் மனைவி தனக்கு எள்ளை இப்படி அள்ளித் தூவியதில்லை என்று, முற்றத்தில் நின்றிருந்த எர்காஷுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. ஐம்பது தாண்டிய மனிதன் எள்ளுக்கா பொறாமைப்படுவான்?

நோதிர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். எர்காஷ் பயிற்சி கொடுக்கும் கோக்கந்து கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். தாய் மாஸ்கோவில் வீட்டு வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு வருடமாக இந்த வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். இப்போது தேசிய அணியின் முகாமுக்குத் தாஷ்கெந்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது.

"பெரிசா கடி ராசா, எலி மாதிரி கொறிக்காத. மீதிய நீ வந்துதான் தின்னு முடிக்கணும். அதுவரைக்கும் யாரும் தொட மாட்டோம்" என்று மஸ்தூரா ரொட்டியை நீட்டினாள்.

"பெரிசா கடிச்சா சீக்கிரம் திரும்பி வந்துடுவேனோன்னு பயமா இருக்குக்கா."

மஸ்தூரா சிரித்தாள். எர்காஷ் சிரிக்கவில்லை. நோதிர் கடித்த இடத்தில் பற்கள் ஒழுங்காகப் பதிந்திருந்தன. அவள் நூல் கோத்து அதை வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

அதே ஆணி. எர்காஷுக்கும் ஒரு காலத்தில் அந்த அழைப்பு வந்தது. அம்மா ரொட்டி சுட்டாள், அவர் கடித்தார், தெருவே கூடி வழியனுப்பியது. முகாமில் முதல் பயிற்சி ஆட்டத்திலேயே முழங்கால் திரும்பிக்கொண்டது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் வந்தபோது ஆணியில் தொங்கிய ரொட்டி காயக்கூட இல்லை. அம்மா அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மென்று முடித்தார். பிறகு கோக்கந்துக்காகப் பல வருடம் கோல் அடித்தார். நாட்டின் சட்டையை மட்டும் போடவில்லை. அந்த மாவின் ருசி இன்னும் தொண்டையில் இருக்கிறது.

நேற்று மதியம் தேநீர்க்கடையில் நோதிருக்கு வழியனுப்பு விருந்து. வாசலைப் பார்த்த மாதிரி இருக்கும் மரியாதைக்குரிய இடத்தில் எர்காஷ் வழக்கம்போல் உட்காரப் போனார். கசாப்புக்கடை ஹோஷிம் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"எர்காஷ், கொஞ்சம் நகருப்பா. இன்னைக்கு மாப்பிள்ளை வேற ஆளு."

தட்டில் புலாவ் வந்தது. மேலே வைத்திருந்த பெரிய கறித்துண்டை ஹோஷிம் நோதிர் பக்கம் தள்ளிவிட்டு, எர்காஷைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

"நீ அடிச்ச கோல்ல பாதி, கோல்கீப்பர் தூங்கினதால வந்தது. ஃபெர்கானாவோட ஃபைனல்ல அடிச்சியே, அது ஆஃப்சைடுதானே? எங்க, ரொட்டிய கையில வச்சுக்கிட்டுச் சொல்லு பார்ப்போம்."

எர்காஷ் கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கவனமாகத் தட்டில் வைத்தார். பிறகுதான், "ஆஃப்சைடே இல்ல" என்றார். கடையே வெடித்துச் சிரித்தது. ரொட்டியைத் தொட்டுக்கொண்டு அந்த ஊரில் யாரும் பொய் சொன்னதில்லை. எர்காஷும் முன்பல் விழுந்த இடைவெளி தெரியச் சிரித்தார். நோதிர் சிரித்ததை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விருந்து முடிந்து வெளியே வந்தபோதுதான் முகாமிலிருந்து உதவிக் கோச் ஃபோனில் பேசினார்.

"எர்காஷ் அண்ணே, போன மேட்ச்ல பையன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தானாமே? ஸ்கேன் எல்லாம் எங்களுக்கு வேணாம். உங்க கண்ணு போதும். சந்தேகம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, பாதி வழியிலயே திருப்பி விட்டுடறோம். அந்திஜான்காரன் ஒருத்தன் தயாரா நிக்கிறான்."

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவன் ஓடியதை எர்காஷ் தினமும் பார்த்தார். இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது, தன்னுடைய பழைய கால் அவனிடம் போய்விட்டது போல இருக்கும். ஆனாலும், "காலைல பார்த்துட்டுச் சொல்றேன்" என்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

இப்போது கார் வந்து ஹார்ன் அடித்தது. நோதிர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"உஸ்தாத், ஏதாவது சொல்லுங்க."

"ஷூவ ஈரத்தோட பைக்குள்ள திணிக்காத" என்றார் எர்காஷ்.

கார் மலைப்பாதையை நோக்கிப் போனது. மஸ்தூரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்ச ரொட்டிகளைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனாள். வீட்டில் எர்காஷும் அந்த ரொட்டியும் மட்டும். ஒரு வார்த்தைதான். லேசா வீக்கம் இருக்கு என்றால் போதும். மாலைக்குள் பையன் வாசலில் நிற்பான். ரொட்டி காய்ந்திருக்காது. இவரே எடுத்து அவன் முன்னால் வைப்பார். "பரவாயில்லடா, எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று தோளில் தட்டுவார். அந்தத் தட்டலை நினைத்தபோது உள்ளே இனித்தது. அந்த இனிப்பு அவரையே பயமுறுத்தியது.

ரொட்டி சூடாக மணத்தது. எப்போது ஆணியிலிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. நோதிர் கடித்ததற்கு எதிர்ப்பக்கம் வாயை வைத்து, ஊருக்குக் கிளம்புகிறவன் போல, பெரிதாக ஒரு கடி கடித்தார்.

ஃபோன் அடித்தது.

"அண்ணே, என்ன சொல்றீங்க? கால் எப்படி இருக்கு?"

வாய் நிறைய ரொட்டி. எள் பல்லில் நொறுங்கியது. துப்ப முடியாது, ரொட்டியைத் துப்புகிறவன் யார்? விழுங்கலாம் என்றால் இன்னும் பாதிகூட மெல்லவில்லை.

"அண்ணே? கேக்குதா?"

"ஒண்ணும் இல்ல" என்றார் எர்காஷ், மாவுக்கு நடுவிலிருந்து. "காலுக்கு ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி இருக்கான்."

"என்ன, அழறீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

ஃபோனை வைத்தார். மனம் லேசாகவில்லை. போயே விட்டான் என்ற நினைப்பு விலாவில் குத்தியது. வெளியே மஸ்தூராவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக ரொட்டியை ஆணியில் மாட்டி, தான் கடித்த பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தார்.

மஸ்தூரா உள்ளே வந்து நின்றாள். நூலின் முறுக்கு அவிழ, ரொட்டி மெல்லச் சுழல ஆரம்பித்தது. ஒழுங்கான பற்களின் கடி அவளைக் கடந்து போயிற்று. பிறகு, முன்பல் ஒன்று இல்லாத கடி வந்தது.