முழங்கைக்குக் கீழே

ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர் அவர். படிக்கட்டில் ஏற்றும்போது ஒரு பெரிய கண்ணாடி உடைந்து, வலது மேல்கையின் உட்பக்கத்தை ஆழமாகக் கிழித்துவிட்டது. உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் போகும் இரண்டு நரம்புகளும் அறுந்தன. கெண்டைக்காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டுப்போட்டார் டாக்டர்.

"நான் தைச்சுட்டேன். இனிமே அது தானா வளரணும். நல்லா வளர்ந்தா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அது விரலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தசை சுருங்கிடக் கூடாது. அதான் பயம்."

"மச்சான், உங்க நரம்பைவிட எங்க ஆபீஸ் லிஃப்ட் தேவலாம்," என்றான் மனைவியின் தம்பி. அன்று அவரும் சிரித்தார்.

மனைவி தினமும் எண்ணெய் தடவி, அசையாத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் தழும்புக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். எந்த இடத்தில் தட்டினால் சுரீரென்கிறதோ, அதுவரை நரம்பு வந்திருக்கிறதாம். அந்த இடம் மெல்ல மெல்ல இறங்கி, முழங்கையைத் தாண்டி, அங்கேயே நின்றுவிட்டது. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளமானது.

வீட்டில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஏதாவது ஒரு விரலைத் தொட்டு, "எந்த விரல்?" என்று கேட்பாள் மனைவி. முதலில் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "சரியாச் சொல்லிட்டீங்க," என்றாள். அதன் பிறகு தினமும் சொன்னார். தினமும் சரியாகவே இருந்தது.

ஒரு மாலை, "சுண்டுவிரல்," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கண்ணைத் திறந்தார். அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

"சரிதாங்க," என்றாள், அவரைப் பார்க்காமல்.

அடுத்த முறை டாக்டர் கைத்தசையில் ஊசி குத்தி, மின்சாரப் பரிசோதனை செய்தார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்யத் தசை இல்லை. திரும்பத் திறந்து பார்க்கலாம். ஆனா பழைய கை வராது. உங்களுக்கு நம்பிக்கை குடுத்து ஏமாத்த நான் விரும்பலை."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

"நான் சும்மா சொல்றேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டுட்டே இருந்தே?"

"சொல்லும்போது உங்க முகம் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. அதுக்காகத்தான்."

"நான் உன் முகத்துக்காகச் சொன்னேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சற்றுப் பொறுத்து, "என்னங்க, ரத்தம்," என்றாள். முன் இருக்கையின் உடைந்த தகரத்தில் அவருடைய வலது ஆள்காட்டி விரல் மாட்டிக் கிழிந்திருந்தது. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் அதை விடுவித்தாள்.