அறுபது மடங்குக் கண்ணாடி

சந்திரமோகனின் கண்ணைப் பற்றி ஆரணியில் சொல்லாத கதை கிடையாது. கடைவீதியின் இந்த முனையில் உட்கார்ந்தபடி, அந்த முனையில் கொடியில் தொங்கும் பட்டுச்சேலையில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தறியிலிருந்து வந்த சேலையை அவர் ஒரு தரம் உதறினால் போதும், குற்றம் தானே எழுந்து நின்று கைகட்டி ஒப்புக்கொள்ளும். முப்பது வருஷப் பட்டு வியாபாரம் தந்த கண் அது.

அந்தக் கண்ணை நம்பித்தான் ஏசுதாஸ் வாத்தியார் மோசம் போனார்.

ஏசுதாஸ் கணக்கு வாத்தியார், சந்திரமோகனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பள்ளியில் என்.சி.சி.யும் அவர் பொறுப்புதான். இடது முழங்கால் மடங்க மறுத்த பிறகு, படுத்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரே வீரம் துப்பாக்கி சுடுவதுதான் என்று கண்டுபிடித்தார். கண்ணமங்கலம் போகிற வழியில், ஒரு வற்றிய ஏரியின் கரையில், ரைஃபிள் கிளப் என்று ஒன்று இருந்தது. ஒரு கீற்றுக் கொட்டகை, மூன்று துப்பாக்கி, ஒரு காவலாளி. ஞாயிறு பூசை முடிந்ததும் சந்திரமோகனின் ஸ்கூட்டரில் இருவரும் அங்கே போவார்கள்.

ஐம்பது மீட்டர் தூரத்தில் அட்டை. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம்; நட்ட நடுவில் பட்டால் பத்து மார்க், விலக விலகக் குறையும். அதில் குண்டு போடுகிற ஓட்டை மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. எங்கே பட்டது என்று தெரிந்தால்தான் அடுத்த குண்டைத் திருத்த முடியும். ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து போய்ப் பார்க்க வாத்தியாரின் முழங்கால் சம்மதிக்காது. ஆகவே ஒரு ஸ்கோப் வேண்டும், மூன்று காலில் நின்று தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் கண்ணாடி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், சம்பளத்தில் மிச்சம் பிடித்த நாலாயிரத்தைச் சந்திரமோகனின் கையில் வைத்தார். "வாரா வாரம் மெட்ராஸ் போற ஆளு நீ. உன் கண்ணுக்கு எது புடிக்குதோ அதையே வாங்கிகினு வா."

மவுண்ட் ரோட்டில் ஒரு பழைய கடை. கண்ணாடி விற்கிற கிழவர் ஒரு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். கறுப்பு ரப்பர் போர்த்தியிருந்தது, எருமைக்கன்று மாதிரி. "ஐம்பது மீட்டருக்கு இருபது மடங்கே தாராளம் சார். முன்கண்ணாடி அகலமா இருக்கணும், வெளிச்சம் உள்ள வரணும். கறுப்புல கறுப்பு ஓட்டை தெரியணுமே. மூவாயிரத்து எண்ணூறு."

"கடைசியா இன்னா வெலைக்குக் குடுப்பீங்க?"

"ஃபிக்ஸட் ரேட் சார்."

சந்திரமோகன் பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரன் சரக்கோடு சட்டையையும் கழற்றிக் கொடுப்பான் என்பது ஊரறிந்த விஷயம். அவரிடம் போய் ஃபிக்ஸட் ரேட்! முகத்தில் வெந்நீர் ஊற்றியது போல வெளியே வந்தார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இன்னொரு கடை. அங்கிருந்த ஸ்கோப்பில் பித்தளை வளையம் தகதகத்தது. பதினைந்து மடங்கில் ஆரம்பித்து அறுபது மடங்கு வரை திருகிக்கொண்டே போகலாம். கடைக்காரன் மூவாயிரத்து ஐந்நூறு என்றான். சந்திரமோகனுக்கு உயிர் வந்தது. ஒன்றரை மணி நேரம், இரண்டு டீ, மூன்று தடவை கோபித்துக்கொண்டு படியிறங்கல். ஆயிரத்து நானூறுக்கு முடிந்தது. கையில் தூக்கி எடை பார்த்தார், நகத்தால் வளையத்தைச் சுரண்டினார், சரிகையைப் பார்ப்பது போல வெயிலில் காட்டினார். கடைசியில், போனால் போகிறது என்று அதன் வழியாகவும் பார்த்தார். மத்தியான வெயிலில் தூரத்துக் கோபுரத்துக் கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. கடிகாரம் வெள்ளை, முள் கறுப்பு. கறுப்பில் கறுப்பைப் பார்க்க வேண்டும் என்று கிழவர் சொன்னது அந்த நேரத்தில் காதுக்குள்ளேயே எங்கோ தூங்கிவிட்டது.

மிச்சப் பணத்தை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தபோது ஏதோ ராஜ்யத்தையே ஜெயித்துக் கொடுத்த மாதிரி நின்றார்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் படுத்து முதல் குண்டைச் சுட்டார். சந்திரமோகன் ஸ்கோப்பை அறுபதில் வைத்துக் கண்ணைப் பொருத்தினார். உள்ளே மார்கழிப் பனி. பனிக்கு நடுவில் ஒரு கறுப்புக் கொழுக்கட்டை, அதைச் சுற்றி வானவில். ஓட்டை? கடவுளே நேரில் வந்து விரலை வைத்துக் காட்டினாலும் அந்த விரல் தெரிந்திருக்காது.

"எங்கய்யா பட்டது?" என்றார் வாத்தியார்.

ஆரணியின் கண் பதில் சொல்லியாக வேண்டும்.

"பத்து!" என்றார் சந்திரமோகன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. வாத்தியாரின் முகம் தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அவரும் ஒரு தரம் ஸ்கோப்பில் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, மோகன்."

"கண்ணு பழகணும், வாத்தியாரே. எனக்கு அப்படியே கைல வெச்ச மாதிரி தெரியுது."

பத்துக் குண்டு முடிந்ததும் அட்டையருகே நடந்துபோய், ஓட்டைகளின் மேல் கறுப்புத் தாள்துண்டை ஒட்டிவிட்டு வருவது சந்திரமோகனின் வேலை. ஒட்டிவிட்டால் அதே அட்டையில் மறுபடி சுடலாம். போய்ப் பார்த்தார். நடுவில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழே, இடப்பக்கம் தள்ளி, ஆறும் ஏழுமாக எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தன. அப்போதே திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ஐம்பது மீட்டர் என்பது ஒரு மனிதன் மனசு மாறப் போதுமான தூரம்.

"தொண்ணூத்தி மூணு!" என்று கூவிக்கொண்டே வந்தார்.

இப்படி நாலு மாசம். ஸ்கோப்பை எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்றால், அறுபது மடங்கை ஆயிரத்து நானூறுக்கு வாங்கிய கதையைப் படவேடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. தொண்ணூற்று மூன்று தொண்ணூற்று ஐந்தானது. வாத்தியார் சென்னையில் நடக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்தார். பள்ளிக் கரும்பலகையில் ஏழு வண்ணத்தில் வாழ்த்து எழுதினார்கள். பூசை முடிவில் ஃபாதர் அவருக்காக ஒரு ஜெபம் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட அன்று சந்திரமோகனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பொய்யைக் கோயில் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் மண்டிபோட வைத்துவிட்டார்களே!

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வாத்தியாரின் மனைவி சகாயம்மாள் கடைக்கு வந்தாள். சேலை பார்க்க வரவில்லை.

"அண்ணா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். அவருக்குக் கண்ணு போயிகினு இருக்குதா?"

"இன்னாம்மா சொல்ற?"

"வேலூர்ல டாக்டராண்ட காட்டுனோம். நல்லா இருக்குதுன்றாரு. இவரு நம்பல. மோகனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, இது டாக்டருக்கே புரியாத வியாதின்னு பயந்துகினு இருக்காரு. நோட்டு திருத்தும்போது இந்தக் கண்ண மூடிப் பாக்குறாரு, அந்தக் கண்ண மூடிப் பாக்குறாரு. பேஜாரா இருக்குதுண்ணா."

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் சந்திரமோகன். இத்தனை நாளும் தான் சொன்ன பொய்யால் ஒருத்தன் சந்தோஷப்படுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொய், நல்ல கண் இரண்டையும் நண்பனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு கருநீலச் சேலையைச் சோதிக்க விரித்தார். கறுத்த சேலையில் ஓட்டை கண்ணுக்கு அகப்படாது. அதனால் அடியில் வெள்ளைத் துணி போட்டுத்தான் பார்ப்பது வழக்கம். போட்டார். ஊசிமுனை அளவு ஓட்டை வெள்ளையாய்ச் சிரித்தது. சந்திரமோகன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகத் தினமும் செய்கிற காரியம்!

ஞாயிறன்று முன்னதாகவே அட்டையிடம் போய், அதன் பின்னால் ஒரு சாண் தள்ளி, வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றைத் தளரக் கட்டினார். காலை வெயில் அதில் விழுந்தது. ஸ்கோப்பை அறுபதிலிருந்து பதினைந்துக்கு இறக்கினார். அறுபதுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பதினைந்தில் பார்ப்பதா என்று இத்தனை நாள் தொடாத திருகு அது. பனி விலகிற்று.

வாத்தியார் ஐந்து குண்டு சுட்டார். சந்திரமோகன் வாயே திறக்கவில்லை.

"இன்னாய்யா, ஊமையாயிட்டியா?"

"நீயே பாரு, வாத்தியாரே."

வாத்தியார் நகர்ந்து வந்து கண்ணை வைத்தார். சட்டென்று குழந்தை மாதிரிக் கத்தினார். "தெரியுது! மோகன், எனக்குத் தெரியுதுய்யா! வெள்ளை வெள்ளையா, அஞ்சும் தெரியுது! சகாயம் கேட்டா அழுதுடுவா!"

சந்திரமோகன் தரையைப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் என்று அவருக்குத் தெரியும்.

"இரு. இது ஆறு. இது ஏழு. இதுவும் ஆறு..." வாத்தியாரின் குரல் கணக்குப் போடுகிற குரலாக மாறிற்று. "இன்னிக்கு மட்டும் எப்படி இங்க போச்சு?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. நாலு மாசமா அங்கதான் போவுது. எனக்கும் ஒண்ணும் தெரியல, வாத்தியாரே. உன் கண்ணு மேல பழியப் போட்டேன். பத்து, பத்துன்னு வாயிக்கு வந்ததச் சொன்னேன்."

வாத்தியார் மறுபடி ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"எல்லாமே அந்த இடத்துலயா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூட வேற பக்கம் போவலியா?"

"இல்ல."

வாத்தியார் நெற்றியில் அறைந்துகொண்டார். "பாவி! ஒரே இடத்துல விழுந்தா சுடுறவன் மேல தப்பு இல்லய்யா, துப்பாக்கியோட குறிமுள்ளு தள்ளியிருக்குதுன்னு அர்த்தம். அதோட திருக மேல எட்டு கிளிக், வலதுல அஞ்சு திருப்பணும். மொத நாளே சொல்லியிருந்தா அரை நிமிஷ வேலை. நாலு மாசம்! கண்ணு போச்சுன்னு அந்தோணியாருக்கு நேந்துகினு இருந்தேன்யா."

சந்திரமோகனுக்கு அந்த ஏரியில் ஒரு முழம் தண்ணீராவது இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. வாத்தியார் குறிமுள்ளின் திருகுகளைத் திருப்பினார். எட்டு. பிறகு ஐந்து. ஒவ்வொரு கிளிக்கும் சந்திரமோகனின் காதில் பூட்டுத் திறப்பது போல விழுந்தது. பிறகு படுத்தார், மூச்சை நிறுத்தினார், சுட்டார்.

ஸ்கோப்பில் நட்ட நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"பத்து" என்றார் சந்திரமோகன்.

வாத்தியார் திரும்பவில்லை.

"பத்து, வாத்தியாரே. சத்தியமா. நீயே இதுல பாரு."

வாத்தியார் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். "அந்தக் கண்ணாடியும் நீ வாங்குனதுதானே" என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அட்டையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

சந்திரமோகன் பின்னாலேயே ஓடினார். முன்னால் போகவும் தைரியமில்லை, கூட நடக்கவும் கூச்சம். அட்டையிடம் போய் வாத்தியார் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நடு ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். பத்துதான். பிறகு அவர் கை கீழே, இடப்பக்கம் இறங்கியது. அங்கே கறுப்புத் தாள் ஒன்றின் மேல் ஒன்றாக, வாரா வாரம் ஒட்டி ஒட்டி, ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரித் தடித்திருந்தது. அட்டையின் மற்ற இடமெல்லாம் கன்னி கழியாமல் இருந்தது. வாத்தியார் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஒட்டட்டுமா?" என்றார் சந்திரமோகன்.

"நானே ஒட்டிக்கறேன். பசையக் குடு."

ஒட்டினார். "முன்ன சுட்ட அஞ்சு கணக்குல இல்ல; இன்னும் ஒன்பது குண்டு பாக்கி. ஒவ்வொண்ணுக்கும் நானே வந்து பாப்பேன்."

போக ஐம்பது, வர ஐம்பது, ஒன்பது தடவை. அந்த முழங்காலோடு. சந்திரமோகன் குனிந்து தோளைக் காட்டினார். வாத்தியார் அந்தத் தோளைப் பார்த்தார். பிறகு கையைப் போட்டு, முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கினார். ஆரணிக் கோட்டை மதிலையே பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. அப்படியே கொட்டகையை நோக்கி நடந்தார்கள்.