நரகத்தில் ஒரு டாட்வெல்

எங்கள் ஆர்டன்பி தேவாலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் உள்ள பெரிய வளைவுக்கு மேல், சுண்ணாம்புக்கு அடியில் அறுநூறு வருடப் பழைய நியாயத்தீர்ப்பு ஓவியம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதை வெளியே கொண்டுவரப் படாதபாடு பட்டவர் க்ளெமன்ட் டாட்வெல். சபையின் நிர்வாகி. தேவாலயத்தில் ஒரு ஆணி அடிப்பதானாலும் அவரைக் கேட்டாக வேண்டும்.

பழைய ஓவியங்களைச் சீர்செய்கிற இமோஜன் என்ற பெண் சாரத்தில் ஏறி, சிறு கத்தியால் சுண்ணாம்பைச் செதில் செதிலாக எடுத்தாள். ஈஸ்டருக்குள் சொர்க்கம் தெரிந்தது. அப்புறம் நரகம். அங்கே பிசாசு ஒன்று தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பாவியின் முகத்தைப் பார்த்ததும், ஞாயிறு ஆராதனையில் பாட்டு பாதியில் நின்றது. அதே கொக்கி மூக்கு, அதே தொங்கு கன்னம்; அச்சு அசல் க்ளெமன்ட்.

"ஏங்க, சோபாவுல தூங்குறப்போ உங்களுக்கு இதே மூஞ்சிதான்," என்றாள் அவர் மனைவி.

க்ளெமன்ட் சாரத்தடியில் போய் நின்றார். "அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் தேய்ச்சு விடும்மா. அழுக்கா இருக்கு."

"அது அழுக்கு இல்ல சார், மூக்கு."

கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. அடுத்த தெரு மில்ட்ரெட் ஆஸ்குட், தன் குடும்பம் முந்நூறு வருடமாக இந்த ஊரில் இருப்பதாகப் பீற்றிக்கொள்வாள். டாட்வெல்களோ அறுநூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊர் நரகத்தில் இருந்திருக்கிறார்கள்!

ஆளே மாறிவிட்டார். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க முப்பாட்டன். பெரிய நிலப்பிரபு. சாதாரண ஆளையா பிசாசு தோள்ல சுமக்கும்?" என்பார்.

மில்ட்ரெட்டுக்குப் பொறுக்கவில்லை. பைனாகுலரோடு வந்து, ஆஸ்குட் ஜாடையில் யாராவது வறுபடுகிறார்களா என்று மூலைமூலையாகத் தேடினாள். சொர்க்கத்தை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேராயர் ஓவியத்தை ஆசீர்வதிக்கும் நாளுக்கு க்ளெமன்ட் எங்கெங்கோ இருந்த டாட்வெல்களை எல்லாம் வரவழைத்தார். முந்தின நாள்தான் பாவியின் கீழ்ப்பாதியும் சுத்தமாகியிருந்தது; அவர் பார்ப்பதற்குள் விழாவுக்காகத் திரை போட்டு மூடிவிட்டார்கள். திரை விலகியது. பாவாடை. கையில் பீர் ஜாடி.

"யாரும்மா இது?" என்றார் பேராயர்.

"பீர் விக்கிற பொம்பள," என்றாள் இமோஜன். "அளவுல ஏமாத்தினா அப்பல்லாம் இப்படித்தான் வரைஞ்சு வைப்பாங்க."

மில்ட்ரெட் திரும்பினாள். "உங்க முப்பாட்டனுக்குப் பாவாடை எடுப்பா இருக்கு க்ளெமன்ட்."

மறுபடி சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றார் அவர். முடியாது, ஓவியத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வாங்கியவரே அவர்தான். இப்போதெல்லாம் பெரிய தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபிக்கிறார். அவர் மனைவி மட்டும் முன்வரிசையிலேயே இருந்து, பிரசங்கம் முழுக்க மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.