இலை பார்க்கிறவள்

அந்தத் தக்காளித் தோட்டத்தில் ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கு இரண்டு விதக் கூலி. மருந்தடிக்கிற புருஷனுக்கு டேங்குக் கணக்கு. முதுகில் ஏற்றினால்தான் காசு. இலையில் புழு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற பெண்டாட்டிக்கு நாள் கூலி. அடிக்கணும் என்று அவள் சொன்னால் அவனுக்கு வேலை. வேண்டாம் என்றால் அவன் சும்மா. இப்படியொரு ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று கேட்காதீர்கள் கண்ணுகளா, யாரும் யோசித்துச் செய்ததில்லை.

காலையில் சாப்பிடும்போது அவன் உப்பு டப்பாவை மறுபடியும் இழுத்தான். மருந்து ஏறி ஏறி அவன் நாக்கு மரத்துப்போய் வெகு நாளாகிறது.

"போதும், கரிக்கும்."

"அதை என் நாக்குகிட்டச் சொல்லு. இன்னைக்காவது வாயத் திறந்து புழு இருக்குன்னு சொல்லுவியா மகாராணி? போன வாரம் பூரா உன் புண்ணியத்துல கூரையப் பாத்துட்டுக் கிடந்தேன்."

தோட்டத்தில் இலையைத் திருப்பினாள். அடியில் புழு முட்டைகள் கறுத்திருந்தன. வெள்ளையாக இருந்தால் புழு வரும். கறுத்தால், காகித அட்டையில் ஒட்டி விற்பதை வாங்கிவந்து செடியில் கட்டிவிட்ட குட்டிக் குளவி உள்ளே புகுந்து தின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்த செடியிலும் கறுப்புதான். இப்போது அடித்தால் சாவது குளவி. அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, அடிக்கணுமா வேண்டாமா?" மேஸ்திரி வரப்பில் நின்று கேட்டார்.

"அண்ணே, அவரையும் என்கூட இலை பாக்கப் போடுங்களேன். நாள் கூலிக்கு."

"இலை பாக்க ரெண்டு பேரா? சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து வேடிக்கை பாருங்க! மொதலாளி என் தோல உரிச்சிருவாரு. அடிக்கிறவன் அடிக்கட்டும், பாக்கிறவ பாரு. என்ன சொல்ற?"

கொட்டகை வாசலில் புருஷன் காலி டேங்கின் மேல் கையை வைத்துக் குந்தியிருந்தான். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிக்கணும்ணே."

"எந்தப் பக்கம்?"

"முழுசும்."

"யோவ், டேங்க நிரப்புய்யா!" என்று கத்திவிட்டு மேஸ்திரி திரும்பினார். "மருந்து காயிற வரைக்கும் நீ வராதம்மா. உனக்குக் கூலி கிடையாது."

"தெரியும்ணே."

புருஷன் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். "மகாராணி மனசு எறங்கிருச்சு!"

அவள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். அவன் தோளைப் பிடித்து, காற்று முதுகில் படும்படி திருப்பி நிறுத்திவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.