தகரத்தில் வேர்த்த நீர்

மழை பெய்து பத்து நாளாகிவிட்டது. ஆனாலும் பவுலினின் ஒற்றை அறைக் காம்பராவில் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

1957 தை மாதம். இலங்கையில் ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பகலெல்லாம் நல்ல வெயில். விடியும்போது புல்லில் உறைபனி. பவுலினும் அவள் புருஷன் வியாகுலமும் எட்டு மாதக் குழந்தை றோலண்டும் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் வரிசையில் கடைசிக்கு முந்திய காம்பராவில் இருந்தார்கள். காலையில் எழுந்தால் பாய் ஈரம், தலையணை ஈரம். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தில் பூஞ்சணம் ஏறி நீல முக்காடு சாம்பல் நிறமாகியிருந்தது. குழந்தையின் நெஞ்சில் எந்நேரமும் கறகறவென்று சத்தம்.

தோட்டத்தில் தகர வேலை பார்க்கும் பொன்னையா இரண்டு முறை வந்து கூரையேறித் தார் பூசினார். இரண்டாம் முறை இறங்கியதும் தலையைச் சொறிந்தார்.

"ஓட்டை ஒண்ணும் இல்லையே தங்கச்சி. எங்கேருந்து ஒழுகுதுன்னே தெரியல."

பவுலினுக்குக் கோபம் பக்கத்துக் காம்பராவின் மேல்தான் போனது. கடைசிக் காம்பராவில் வேலாயியும் அவள் புருஷன் அழகனும் இருந்தார்கள். அங்கே ஒரு சொட்டுக்கூட விழவில்லையாம்.

இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழ இடைவெளி. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஐந்து வருஷமாக அது யாருக்கும் தொல்லையாக இருந்ததில்லை. பவுலினின் பிரசவத்தின்போது முனகல் கேட்டு, கூப்பிடாமலே ஓடிவந்தவள் வேலாயி.

ஐப்பசியில்தான் எல்லாம் கெட்டது. வியாகுலம் அப்போது தேயிலை அரைக்கும் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தான். நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது என்று அவன் பவுலினிடம் சொன்னது சுவரைத் தாண்டி வேலாயி காதில் விழுந்தது. மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் அவள் அதைச் சொல்ல, கங்காணி கேட்டுவிட்டார். போகிறவனுக்கு ஸ்டோரில் என்ன இடம் என்று வியாகுலத்தைத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டார்கள். ஓட்டல் வேலையும் கிடைக்கவில்லை.

பவுலின் வாசலில் நின்று வேலாயியை ஏசினாள். வேலாயி வாய் திறக்கவில்லை. அன்றே பவுலின் பெட்டியை வைத்து ஏறி, அந்த இடைவெளியில் சாக்குகளைத் திணித்து, களிமண் குழைத்து அப்பிவிட்டாள். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பொன்னையா வந்துபோன மறுநாள் ஞாயிறு. காலையில் வியாகுலம் பெட்டிமேல் ஏறிக் கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். ஓரிடத்தில் மட்டுமல்ல, தகரம் முழுக்க முத்து முத்தாக நீர். உள்ளங்கை நனைந்து முழங்கை வரை வழிந்தது. இறங்கி வந்து பெட்டிமேலேயே உட்கார்ந்தான்.

"இது மழைத் தண்ணி இல்ல பவுலின். நம்ம தண்ணி."

"என்ன சொல்றீங்க?"

"ஸ்டோர்ல பச்சைக் கொழுந்தப் பரப்பி வச்சிருப்போம். காத்தாடி நின்னுட்டா, கொஞ்ச நேரத்துல சன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கொட்டும். கொழுந்து விட்ட தண்ணி அது. சூடு மட்டும் இருந்து பிரயோசனமில்ல, காத்து ஓடணும். இங்க உள்ளுக்கே அடுப்பு, சோத்துப் பானை ஆவி, பனியில நனஞ்ச என் கம்பளி, நம்ம மூணு பேரு மூச்சு. எல்லாம் எங்க போகும்? ராவுல தகரம் ஐஸா கெடக்கு. அதுல போய் ஒட்டிக்கிட்டு நம்ம மேலேயே விழுது."

பவுலின் சுவரின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அதத் தொறக்க மாட்டேன். நம்ம பேச்சு திரும்ப அவ காதுல விழணுமா?"

அவன் வற்புறுத்தவில்லை. ஈரக் கம்பளியை வெளியே இறவாரத்தில் தொங்கவிட்டான். அவள் பானையை மூடியே வைத்தாள். முன்பக்கத்துச் சின்னச் சன்னலைத் திறந்து வைத்தார்கள். குளிர் நேராகக் குழந்தைமேல் அடித்தது. பின்பக்கம் இன்னொரு வரிசைக் காம்பராக்கள், அங்கே சன்னலுக்கு வழியில்லை. சொட்டுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. புதன்கிழமை விடியலில் குழந்தை இருமி இருமிப் பாலைக் கக்கியது.

அன்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பவுலின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலாயி வாசலில் போய் நின்றாள். கால் வீங்கியிருந்ததால் வேலாயியும் வீட்டில்தான் இருந்தாள்.

"அக்கா, ஒங்க காம்பராவ ஒருக்காப் பாக்கணும்."

"வா" என்றாள் வேலாயி.

உள்ளே காய்ந்த வாடை. கடைசிச் சுவரின் உச்சியில் ஒரு காற்றுத்துளை, வழியே வெளிச்சம். நடுச்சுவரின் மேல்பகுதி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அங்கிருந்து காற்றுத்துளை வரைக்கும் தகரத்தில் ஒரு கரிப் பாதை. வேலாயியின் அடுப்போ வாசலையொட்டிய திண்ணையில், இஸ்தோப்பில் இருந்தது.

பவுலின் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து வருஷமாகத் தன் அடுப்புப் புகை எந்த வழியாகப் போனதென்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"இவ்வளவு புகையும் இங்கயா வந்துச்சு? ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லி? நீ எங்க போயி ஆக்குவ?" வேலாயி குழந்தையை வாங்கி மடியில் போட்டு முதுகைத் தடவினாள். "கண்ணு எரியும். வெளிய போயி நிப்பேன்."

பவுலின் கேட்டாள்.

"அன்னைக்கு மலையில ஏன்க்கா அதச் சொன்னீங்க?"

"சந்தோஷத்துலதான். நம்ம லயத்துலேருந்து ஒருத்தன் டவுனுக்குப் போறானேன்னு. கங்காணி பின்னால நிக்கிறத நான் பாக்கல." வேலாயி குரல் தாழ்ந்தது. "நீ ஏசினப்ப அதச் சொல்லியிருக்கலாம். சொன்னா அவனுக்கு ஸ்டோர் வேலை திரும்பக் கெடைக்குமான்னு நெனச்சுச் சும்மா இருந்துட்டேன்."

பவுலினுக்கு அழுகை வரவில்லை. கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கரிப் பாதையைப் பார்த்த பிறகு, தனக்குத்தான் அநியாயம் நடந்தது என்று அவளால் முன்போல் நினைக்க முடியவில்லை.

சாயந்தரம் வியாகுலம் வந்ததும் அவளே பெட்டியை இழுத்துப் போட்டாள். அவன் களிமண்ணைத் தட்டி உடைத்துச் சாக்குகளை உருவினான். நனைந்து நைந்து போயிருந்தன. உள்ளே காளான் முளைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அழகன் ஒரு கம்பால் குத்தி மீதியைத் தள்ளிவிட்டார். "பாத்து, கண்ணுல விழுந்துடப்போகுது" என்ற வேலாயியின் குரல் தெளிவாகக் கேட்டது.

அடுப்பை இனியும் உள்ளே வைக்கப் பவுலின் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை புருஷனும் பெண்சாதியுமாகக் கல்லும் மண்ணும் சுமந்து இஸ்தோப்பில் புது அடுப்பு போட்டார்கள். காற்று அடிக்கிற நாளில் விறகு சரியாக எரியவில்லை. சோறு வேகத் தாமதமானது. அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள்.

மாசி பிறந்தபோது பாய் காய்ந்திருந்தது. பனி மிகக் கடுமையாக இறங்கிய இரண்டொரு விடியலில் மட்டும் தகரம் வேர்த்தது. துணியால் துடைத்தால் போதுமாயிருந்தது. குழந்தையின் நெஞ்சுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, தவக்காலம் தொடங்குவதற்குள் நின்றே போனது. வியாகுலம் கவ்வாத்திலேயே இருந்தான்.

பவுலினும் வேலாயியும் முன்பு மாதிரி எல்லாவற்றையும் பேசிக்கொள்ளவில்லை. முக்கியமான விஷயம் ஏதாவது இருந்தால் பவுலினும் வியாகுலமும் வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரைக்கும் நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அப்படிப் போகும்போது குழந்தையை வேலாயியிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.